ப்ளோயர் 4-இல் மட்டும் ஓடினால்: ₹14,770 எஸ்டிமேட்டும் ஒரு சின்ன ரெசிஸ்டரும்

பிரச்சினை இதுதான். கார் ஏசியின் ப்ளோயர், அதாவது உள்ளே காற்றைத் தள்ளும் விசிறி, 4-ஆம் வேகத்தில் மட்டும் ஓடுகிறது. 1, 2, 3 எதில் வைத்தாலும் காற்று இல்லை. குளிர்ச்சியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று, பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காத அளவுக்குக் காற்று அடிக்கிறது. இல்லையென்றால் சென்னை மே மாத வெயிலில் வெந்துகொண்டே ஓட்ட வேண்டும்.

வண்டி 2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். கீழ்நிலை வேரியன்ட். குமிழைத் திருப்பி வேகம் மாற்றும் சாதாரண ஏசி. வாங்கியதிலிருந்து கம்பெனி அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில்தான் விட்டு வருகிறேன், இதற்கும் அங்கேதான் போனேன். அட்வைசர் குமிழை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார், வண்டியை உள்ளே அனுப்பினார். மதியம் வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்தது.

ப்ளோயர் மோட்டார் அசெம்ப்ளி 5,840 ரூபாய், அதை மாற்ற லேபர் 1,650. ஏசி காயில் கிளீனிங் 2,200. ஏசி கிருமிநாசினி 750. த்ராட்டில் பாடி கிளீனிங் 980. முன்பக்க பிரேக் பேடு 2,350, அதற்கு லேபர் 600. இன்ஜின் டிரெஸ்ஸிங் 400. ஜிஎஸ்டியெல்லாம் சேர்த்து மொத்தம் 14,770. நான் சொன்ன குறை ஒன்று, வந்த வரிகள் எட்டு.

போன் போட்டுக் கேட்டேன். "மோட்டார் போச்சுன்னு எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"ஸ்பீடு வரலைல்ல சார், மோட்டார் வீக் ஆயிடுச்சு. கரன்ட் அதிகமா இழுக்குது."

"அளந்து பார்த்தாங்களா?"

"டேஷ்போர்டைக் கழட்டினாத்தான் சார் பார்க்க முடியும்."

"ரெசிஸ்டரா இருக்குமோ?"

"அது தனியா வராது சார். அசெம்ப்ளியாத்தான் வரும்."

வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பார்த்ததற்கு என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டார்கள். எதைப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

நான் ரெசிஸ்டரைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. இந்த வகை ஏசியில் மோட்டார் ஒன்றே ஒன்றுதான், அதற்கு வேகம் என்று தனியாக எதுவும் கிடையாது. வழியில் இருக்கும் ரெசிஸ்டர்தான் மின்சாரத்தை மட்டுப்படுத்தி வேகத்தைக் குறைக்கிறது. 1-இல் வைத்தால் மின்சாரம் எல்லா மின்தடைகளையும் தாண்டிப் போக வேண்டும். 2-இல் சிலதை, 3-இல் ஒன்றை மட்டும். 4-இல் வைத்தால் ரெசிஸ்டருக்கே வேலை இல்லை, மோட்டாருக்கு நேரடி இணைப்பு. அதனால் 4 மட்டும் ஓடி மற்றவை செத்துக் கிடந்தால், மோட்டார் நன்றாக இருக்கிறது என்பதற்கே அது முதல் அடையாளம். மோட்டார் போயிருந்தால் 4-உம்தான் ஓடாது. ஆட்டோமேட்டிக் க்ளைமேட் கன்ட்ரோல் உள்ள வண்டிகளில் கதை வேறு. அங்கே டிரான்சிஸ்டர் வைத்த மாட்யூல் இருக்கும், கீழே சொல்வது அதற்குப் பொருந்தாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன் ஆரம்பித்தேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தேன். டேஷ்போர்டுக்குப் பின்னால் கை விடும்போது இது முக்கியம். ஏர்பேக் ஒயர்கள் அங்கே ஓடுகின்றன. மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அதைத் தொடவே வேண்டாம்.

க்ளவ் பாக்ஸின் இரண்டு பக்கத்தையும் உள்ளே அழுத்தினால் பூட்டு விட்டு முழுசாகக் கீழே இறங்கிவிடும். உள்ளே இடதுபுறம் ப்ளோயரின் உருண்டைக் கூடு. அதிலிருந்து ஏசி பெட்டிக்குப் போகும் காற்றுக் குழாயின் மேல், இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் ஒரு சின்னத் தட்டு. அதுதான் ரெசிஸ்டர். கனெக்டரைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. ஒரு முனையின் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டித்தான் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த முனையின் உலோகம் கறுத்து, பிடிப்பே இல்லாமல் தளர்ந்திருந்தது.

மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்தேன். இங்கே எல்லா மதிப்பும் மிகச் சிறியவை, ஒன்று, இரண்டு, மூன்று ஓம். அதனால் முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவிட்டு, ஒயரின் சொந்த மின்தடை எவ்வளவு என்று பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும். என் மீட்டரில் 0.3 காட்டியது. கம்பிச் சுருள்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. பொது முனையிலிருந்து அவற்றுக்குப் போகும் வழியில், சூடு மிஞ்சினால் அறுந்துவிடும்படி வைத்த தெர்மல் ஃப்யூஸ்தான் அறுந்திருந்தது. அது போனால் 1, 2, 3 மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும், என் வண்டியில் நடந்ததும் அதுவே.

நோய் தெரிந்துவிட்டது. அது ஏன் வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. அதைப் பார்க்காமல் புது ரெசிஸ்டரைப் போட்டால் அதுவும் சீக்கிரமே போகும். இந்த ரெசிஸ்டர் நிறைய வெப்பத்தை வெளியிடக்கூடியது. அந்த வெப்பத்தை எடுத்துச் செல்வது ப்ளோயரின் காற்றேதான், அதனால்தான் அதைக் காற்றுக் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்திருக்கிறார்கள். காற்று குறைந்தால் ரெசிஸ்டர் சூடேறும், ஒரு கட்டத்தில் தெர்மல் ஃப்யூஸ் தன்னை அறுத்துக்கொள்ளும். ஆக, காற்று எங்கோ அடைபட்டிருக்க வேண்டும். இன்னொரு சாத்தியம், அட்வைசர் சொன்னதுபோல மோட்டார் இறுகி அதிக கரன்ட் இழுப்பது. அவர் அளக்காமல் சொன்னார் என்பதால் அது பொய் என்று ஆகிவிடாது, எனவே அதையும் பார்த்துவிடலாம் என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் கேபின் ஃபில்டர். ஏசி ஃபில்டர் என்றும் சொல்வார்கள். ப்ளோயருக்கும், காற்றைக் குளிர்விக்கும் காயிலுக்கும் நடுவே அதற்கு ஒரு செங்குத்துப் பள்ளம் உண்டு. மூடியைக் கழற்றினேன். உள்ளே ஃபில்டரே இல்லை.

அழுக்கான ஃபில்டர் இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். பள்ளம் காலி. கீழ்நிலை வேரியன்ட்டுகளில் செலவைக் குறைக்க ஃபில்டர் வைக்காமல் வெறும் மூடி போட்டு அனுப்புவது உண்டு, அது தெரிந்த கதைதான். பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். மூன்று பில்களில் "ஏசி ஃபில்டர் கிளீனிங்" என்று தனி வரி, ஒவ்வொன்றுக்கும் 180 ரூபாய், அதன் மேல் வரி. இல்லாத ஃபில்டரை மூன்று முறை சுத்தம் செய்திருக்கிறார்கள்!

இதில் எனக்குக் கோபம் வந்தது பணத்துக்காக இல்லை. யாராவது ஒருவர், ஒரே ஒரு முறை அந்த மூடியைத் திறந்திருந்தால் "சார், உங்க வண்டியில ஃபில்டரே இல்லை, ஒண்ணு போட்டுக்கங்க" என்று சொல்லியிருப்பார். முந்நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

காலிப் பள்ளத்தின் வழியாக டார்ச்சும் போனும் விட்டு காயிலைப் படம் எடுத்தேன். முகம் முழுக்க சாம்பல் நிறத்தில் தூசியும் பஞ்சும் படிந்து, ஈரம் பட்டுப் பட்டு ஒரு போர்வையாகவே ஆகியிருந்தது. அடைப்பு இதுதான்.

மோட்டாரையும் இறக்கினேன். இதற்கு டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்றுதானே சொன்னார்கள்? க்ளவ் பாக்ஸுக்கு அடியில் படுத்துப் பார்த்தால் மூன்று ஸ்க்ரூ, ஒரு கனெக்டர், அவ்வளவுதான். கையில் வந்துவிட்டது. விசிறிக் கூண்டுக்குள் காய்ந்த வேப்பிலைகளும் குச்சிகளும் இருந்தன. வண்டி நிற்பது வேப்ப மரத்தடியில். வைப்பருக்குக் கீழே இருக்கும் கிரில் வழியாக அவை உள்ளே இறங்குகின்றன. கூண்டின் ஓரத்தில் சின்ன உலோகக் கிளிப் ஒன்று இருக்கும், அழுக்கு என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். சமநிலைக்காக வைத்தது அது, போனால் மோட்டார் அதிரும். தண்டைக் கையால் சுற்றினேன். தடையில்லாமல் சுற்றி மெதுவாக நின்றது. ஆட்டம் இல்லை, உரசும் சத்தம் இல்லை.

காயிலுக்கு வருவோம். பெயின்ட் பிரஷ்ஷில் நீளமான மென்மையான ஒன்றை வைத்து, மேலிருந்து கீழாக மட்டும், காயில் தகடுகளின் போக்கிலேயே மெல்லத் தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடங்கும், மடங்கினால் மறுபடி அடைப்பு. வாக்யூம் க்ளீனரின் மெல்லிய குழலைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு விழுவதை இழுத்தேன். பஞ்சுப் போர்வை பெரிய துண்டுகளாக வந்தது, கொஞ்சம் அருவருப்பாகவும் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. அப்புறம் காயில் க்ளீனர் நுரை. ரெசிஸ்டர் இருந்த ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டு அடிக்க வேண்டும். வண்டிக்கு அடியில் ஏசி தண்ணீர் சொட்டும் குழாய் வழியாகக் கறுப்புத் தண்ணீர் இறங்கியது. அந்தக் குழாய் அடைத்திருந்தால் நுரையெல்லாம் மிதியடியில் வந்து நிற்கும், ஆகவே நுரை அடிப்பதற்கு முன் ஏசி ஓடும்போது சொட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இனி கரன்ட். இதற்கு, ஒயரைக் கவ்விப் பிடித்து பேட்டரியின் நேர்மின்சாரத்தை (டிசி) அளக்கும் டிசி க்ளாம்ப் மீட்டர் வேண்டும். கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும் க்ளாம்ப் மீட்டர்களில் பல, வீட்டில் வரும் மாறுமின்சாரத்தை மட்டுமே அளக்கும், கார் ஒயரில் மாட்டினால் பூஜ்யம்தான் காட்டும். சாதாரண மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து நடுவில் இணைக்கவும் கூடாது. பெரும்பாலானவற்றின் எல்லை 10 ஆம்பியர், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். நண்பர் ஒருவரிடம் டிசி க்ளாம்ப் இருந்தது. கழற்றுவதற்கு முன் 4-ஆம் வேகத்தில் 11 ஆம்பியரை ஒட்டிக் காட்டியது. சுத்தம் செய்து மாட்டிய பிறகு 13.

சுத்தம் செய்தபின் கரன்ட் ஏறுவது தலைகீழாகத் தோன்றலாம். வாக்யூம் க்ளீனரின் வாயைக் கையால் பொத்தினால் மோட்டார் சத்தம் ஏறி வேகமாகச் சுற்றுகிறது அல்லவா? காற்று போகாதபோது விசிறிக்குத் தள்ள ஒன்றும் இல்லை, பாரம் குறைகிறது. அடைப்பு நீங்கினால் அதிகக் காற்றைத் தள்ள வேண்டும், அதற்குரிய கரன்ட் எடுக்கும். இந்த வண்டியில் ப்ளோயருக்கு வைத்திருப்பது 30 ஆம்பியர் ஃப்யூஸ். 13 என்பது எந்தக் கணக்கிலும் "அதிகமா இழுக்குது" இல்லை. மோட்டாரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தேன்.

பாகம் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. சென்னையில் கார் உதிரி பாகம் என்றால் புதுப்பேட்டைதான் எல்லோர் வாயிலும் வரும், ஆனால் அது பழைய பாகங்களுக்கு. ஒரு கதவோ கண்ணாடியோ வேண்டுமென்றால் அங்கே போகலாம். சூடாகி அறுந்த பாகத்துக்கு மாற்றாக இன்னொரு வண்டியில் சூடாகிக் களைத்ததை வாங்குவதில் அர்த்தமில்லை. அண்ணா சாலையிலிருந்து பிரியும் இந்தத் தெருவில் புதிய பாகங்கள் கிடைக்கும். பழைய ரெசிஸ்டரைக் கையில் எடுத்துப் போனேன், சேசிஸ் நம்பரையும் சொன்னேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு நிமிடம் தேடினார், உள்ளே போய் எடுத்து வந்தார். கம்பெனி பெட்டி, கம்பெனி ஹாலோகிராம், அச்சிட்ட விலை 612 ரூபாய். பாகத்தின் பெயர் பெட்டியிலேயே இருந்தது: ரெசிஸ்டர், ப்ளோயர். தனியாக வராது என்று சொல்லப்பட்ட அதே பாகம்.

"அசெம்ப்ளியாத்தான் வரும்னு சொன்னாங்களே?" என்றேன்.

சிரித்தார். "தினமும் ரெண்டு பேர் இதைக் கேட்டுட்டு வர்றாங்க சார்."

வேறு தயாரிப்பு 250-க்கும் இருந்தது. தட்டு மெலிதாக, கம்பி மெலிதாக இருந்தது. எரிந்துபோகிற இடத்தில் அந்த முந்நூற்றுச் சொச்சத்தை மிச்சம் பிடிக்க மனம் வரவில்லை. உருகிய கனெக்டருக்கு ஒயரோடு புதுக் கனெக்டர் 150. கேபின் ஃபில்டர் 290. மொத்தம் 1,052 ரூபாய். 2025 செப்டம்பர் 22-இலிருந்து வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், முன்பு பெரும்பாலானவற்றுக்கு 28 இருந்தது. பழைய விலை அச்சிட்ட பெட்டியைத் தந்தால், புது வரிக்கு விலை குறைந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேறொரு வழி சொன்னார். "அந்த ஃப்யூஸுக்கு ஒரு ஒயரைக் குறுக்கே போட்டு சால்டர் வச்சிடலாம் தம்பி, பத்து நிமிஷ வேலை." ஓடத்தான் செய்யும். ஆனால் அடுத்த முறை காற்று அடைபட்டால் சூடு எங்கே நிற்கும்? சுற்றிலும் பிளாஸ்டிக். அன்போடு சொன்னார், அன்போடு மறுத்துவிட்டேன்.

பழைய கனெக்டரை வெட்டி, புதியதை ஒயர் ஒயராக நிறம் பார்த்து அழுத்திப் பிணைத்தேன் (க்ரிம்ப்). மேலே, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழல். ரெசிஸ்டர், மோட்டார், ஃபில்டர். ஃபில்டரின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும், காற்று போகும் திசையைக் காட்டுவது. என் வண்டியில் ப்ளோயரிலிருந்து காயிலை நோக்கி. பேட்டரியை இணைத்து, ஒன்றில் வைத்தேன். காற்று வந்தது. இரண்டு, மூன்று, எல்லாம் சரி. முன்பு 3-இல் வந்ததைவிட இப்போது 2-இல் அதிகக் காற்று. ஏசி வருஷக்கணக்காகவே மூச்சுத் திணறித்தான் ஓடியிருக்கிறது.

எஸ்டிமேட்டில் மீதி இருந்த வரிகளையும் விட்டுவைக்கவில்லை. முன் சக்கரங்களைக் கழற்றி பேடுகளை அளந்தேன். உராயும் பகுதி 7 மில்லிமீட்டர் இருந்தது, உள்பக்கத்தில் ஒரு சுற்று குறைவு. புதிதில் 10 அளவில் இருக்கும், 3-ஐ நெருங்கும்போது மாற்றலாம். இன்னும் நிறைய ஓடும். இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் லேசாகக் கரி படிந்திருந்தது. ஐடிலில் நடுக்கம் இல்லை, இழுவையில் குறை இல்லை, அதைத் தொடவில்லை. இன்ஜின் டிரெஸ்ஸிங் என்பது பிளாஸ்டிக்கும் ரப்பரும் பளபளக்க அடிக்கும் திரவம். பானட்டைத் திறந்தால் புதுசாகத் தெரியும், வேறொரு பயனும் இல்லை. இதை ஏன் எல்லோர் பில்லிலும் போடுகிறார்கள் என்றால், அட்வைசர்களுக்கு இவற்றில் மாத இலக்கு இருக்கிறது. வேல்யூ ஆடட் சர்வீஸ் என்று அதற்குப் பெயர். வண்டிக்கு எது தேவை என்பதும் இலக்குக்கு எது தேவை என்பதும் ஒரே ஜாப் கார்டில் கலந்துவிடுகின்றன.

அந்த அட்வைசர் பையனைத் திட்ட எனக்கு விருப்பமில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டிகளை அவர் பார்க்க வேண்டும். குறையைத் தேடிக் கண்டுபிடிக்கும் நேரத்துக்கு பில்லில் இடம் கிடையாது, மாற்றும் வேலைக்குத்தான் உண்டு. அப்படியிருக்க யார் தேடப் போகிறார்கள்?

இது இன்றைய கதையும் இல்லை. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் தொழில்நுட்பத் தகவல்களையும் வெளியில் இருக்கும் மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்கிறார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு தளத்தைத் திறந்தது, அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. என் ரெசிஸ்டர் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கம்பெனி பெட்டியிலேயே கிடைத்தது, அந்த வகையில் நல்லது. ஏர்பேக், ஏபிஎஸ், ரீகால் என்று வந்தால் நானும் கம்பெனிக்குத்தான் போவேன். அங்கே இருக்கும் ஸ்கேனரும் பொறுப்பும் என்னிடம் இல்லை.

மூன்று பழைய பில்லையும், காலிப் பள்ளத்தின் படத்தையும், பழைய ரெசிஸ்டரையும், புதியது வந்த பெட்டியையும் எடுத்துக்கொண்டு வொர்க்ஸ் மேனேஜரைப் பார்க்கப் போனேன். அட்வைசரைத் தவிர்த்தேன். மேனேஜர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னார்: "ரெசிஸ்டர் மட்டும் மாத்தி, மூணு மாசத்துல மறுபடி போச்சுன்னா நீங்க எங்க மேலதான் சார் வருவீங்க. மோட்டாரோட மாத்திட்டா கம்ப்ளெயின்ட் திரும்பி வராது." அவர் பக்கத்தில் அது நியாயம்தான். திரும்பி வராமல் இருப்பதற்கான செலவை நான் கட்ட வேண்டும் என்பதுதான் அதில் இருக்கும் சிக்கல், அதைச் சொன்னேன். அந்த மோட்டாரை மாற்றியிருந்தாலும் காயில் முன்னால் இருந்த போர்வை அப்படியேதான் இருந்திருக்கும் என்றும் சொன்னேன். "காயில் கிளீனிங்கும் போட்டிருந்தோமே சார்" என்றார். இல்லாத ஃபில்டரை எப்படி கிளீன் செய்தீர்களோ அப்படியா என்று கேட்டேன்.

அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்ளும்படி ஒரு கூப்பன் தருவதாகச் சொன்னார். வேண்டாம், பணமாக வேண்டும் என்றேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யப்போகிறேன் என்று சொன்ன பிறகு, மின்னஞ்சலில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். ஃபில்டர் கிளீனிங் தொகை மூன்றும் வரியோடு சேர்ந்து 637 ரூபாய் 20 காசு கணக்கில் வந்தது. ரெசிஸ்டர் தனியாக வராது என்று ஏன் சொன்னீர்கள் என்ற கேள்விக்கு அந்த மின்னஞ்சலில் பதில் இல்லை.